பொரி தின்ற குழாய்

நான் எந்தத் தேர்வுக்குப் போனாலும் தேறிவிடுவேன் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். எல்லோரும் என்றால் இருவர்: என் கணவர் சேகர், அவருடைய அப்பா. நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. தமிழ் இலக்கியத்தில் முதுகலை, அதன்மேல் பி.எட்., அதற்கும் மேல் தட்டச்சு. எல்லாவற்றிலும் தேறியவள் நான். (அவற்றில் ஒன்றுகூட எனக்கு ஒரு வேலை வாங்கித் தரவில்லை என்பதை இருவரும் நாகரிகமாக மறந்துவிடுவார்கள்.) ஆகவே, ஏ.சி.யிலும் ஃப்ரிட்ஜிலும் ஓடும் குளிர்வாயுவைக் கையாளும் தொழில்நுட்பருக்கான சான்றிதழ்த் தேர்வை நான் எழுதலாம் என்ற யோசனை வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை என்பதுதான் இன்று நினைத்தால் அயர்ச்சி தருகிறது.

குடவாசல் கடைத்தெருவில் சேகர் ஏ.சி., ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். ஒரு கம்பெனி தன் சர்வீஸ் ஏஜென்ஸியை எங்களுக்குத் தர முன்வந்தது. கடையில் சான்றிதழ் பெற்றவர்கள் இருவர் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒருவர் சேகர். இன்னொருவராக இருந்த மெக்கானிக் சிங்கப்பூர் போய்விட்டார். சேகருக்கும் தோஹாவிலிருந்து ஒரு விசா தயாராகிக்கொண்டிருந்தது. ஏஜென்ஸி கிடைத்தால் அவர் இங்கேயே இருப்பார். கிடைக்காவிட்டால் விமானம் ஏறுவார். இதை எங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூவரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

“நீதான் படிச்சவளாச்சே, மதி. நீ எழுது,” என்றார் சேகர்.

சுவரில் தொங்கி வேலை பார்க்க வேண்டியிருக்குமா என்று கேட்டேன்.

“அதெல்லாம் நான் ஏறிக்கறேன். நீ பாஸ் மட்டும் பண்ணு.”

பாஸ் மட்டும் பண்ணுவது எனக்குத் தெரிந்த ஒரே கைத்தொழில். பாடப்புத்தகத்தைப் பழம்பாடலைப் போல் மனனம் செய்தேன். மாலையில் டியூஷன் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, மாவு அரைபடும் சத்தத்துக்கு இணையாக, சிலிண்டரை எந்த அளவுக்குமேல் நிரப்பக்கூடாது, எந்த வாயு தீப்பற்றும், எது வானத்தை ஓட்டையாக்கும் என்று ஒப்பித்துக்கொண்டிருப்பேன். சாப்பிடும்போது சேகர் கேள்வி கேட்பார். மாமா (என் மாமனாரை அப்படித்தான் அழைப்பேன்) தட்டின்மேல் கையை நிறுத்திவிட்டுக் காதுகொடுப்பார்.

“சிஸ்டத்துக்குள்ள ஈரம் போனா என்னாகும்?”

“பனியா உறைஞ்சு வழிய அடைக்கும். எண்ணெயோட சேர்ந்து அமிலமாகும். கம்ப்ரஸர் போயிடும். ஈரம்தான் முதல் எதிரி.”

“வக்கீலாட்டம்ல பேசுது,” என்பார் மாமா, மகனைப் பார்த்து.

செய்முறைப் பயிற்சிக்கு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜே பலியானது. அதிலிருந்த வாயுவை முறைப்படி சிலிண்டருக்கு மாற்றினேன். திரும்ப ஏற்றும்போது எதையோ அதிகமாக முறுக்கி எதையோ உடைத்தேன். மாற்றுச் சாமான் வரும்வரை பால் தங்கவில்லை. மாமா வரக்காப்பி குடித்தார். முகம் சுளிக்காமல் குடித்தார் என்று எழுத ஆசைதான், நன்றாகவே சுளித்தார்.

தேர்வு, விஜயதசமிக்கு மறுநாள் தஞ்சாவூரில். வருபவர்கள் தத்தம் கேஜ் செட்டைக் கொண்டுவர வேண்டும். அழுத்தம் காட்டும் இரண்டு முள்வட்டங்களும், அவற்றிலிருந்து நீலம், சிவப்பு, மஞ்சள் என்று தொங்கும் மூன்று ரப்பர்க் குழாய்களும் சேர்ந்ததுதான் கேஜ் செட். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும் சேர்ந்து வந்தன. புத்தகம் பூஜையில் இருந்ததால் அன்று படிக்கக்கூடாது. இவ்வளவு பெரிய நிம்மதியைக் கலைமகள் எனக்கு அதற்குமுன் அருளியதில்லை; உட்கார்ந்தபடியே தூங்கினேன்.

மாமா தூங்கவில்லை. குத்தகை நிலத்தில் உழைத்தே உடம்பு காய்த்த மனிதர் அவர். ஆயுத பூஜை என்றால் மண்வெட்டி, அரிவாள், மருந்து தெளிப்பான் எல்லாவற்றையும் பம்புசெட் தண்ணீரில் முக்கித் தேய்த்துக் கழுவிவிடுவார். அந்த வருடம் மருமகளின் ஆயுதத்தையும் சேர்த்துக் கழுவினார். குழாய்களின் நுனி மூடிகளைக் கழற்றி, ஒரு முனையைப் பம்புசெட்டின் வாயில் பிடித்து, உள்ளே அழுக்கு நிற்கக்கூடாது என்று தண்ணீரைப் பாய்ச்சியிருக்கிறார். பிறகு கொடியில் காயப்போட்டார்.

நான் எழுந்து வந்தபோது அவை சொட்டிக்கொண்டிருந்தன. ஈரம்தான் முதல் எதிரி என்று ஒரு மாதமாக ஒப்பித்தவள் என்ன செய்தேன் தெரியுமா? அவை தாராளமாகத் தொங்கட்டும் என்று என் புடவையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன்.

பிறகு பூஜை. மாமாவுக்குக் கை தாராளம். டிராக்டருக்கு எப்படிப் படைப்பாரோ அப்படியே கேஜ் செட்டுக்கும் படைத்தார்: சந்தனம், குங்குமம், சாமந்திப்பூ, எல்லாவற்றின் மேலும் கை நிறையப் பொரி. மறுநாள் விஜயதசமியன்று நான் அதைத் துடைக்கப் போனேன்.

“பொட்ட அழிக்காதம்மா,” என்றார். “பரீச்ச முடியட்டும்.”

கழற்றிய மூடிகளை மட்டும் தேடிப் பூட்டி, அப்படியே பையில் வைத்தேன். சேகர் பார்த்திருந்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பார். அவர் சீர்காழியில் ஓர் இனிப்புக் கடையின் கண்ணாடி ஃப்ரிட்ஜோடு போராடிக்கொண்டிருந்தார்.

எழுத்துத் தேர்வு தென்றலாகக் கடந்தது. செய்முறைக்குப் போனால், அறையில் பெண் நான் ஒருத்திதான். மற்றவர்கள் என்னை, தேர்வைக் கண்காணிக்க வந்த அதிகாரி என்று நினைத்து எழுந்து நின்றார்கள். (அந்த மரியாதை அரை மணி நேரம் நீடித்தது.) தேர்வாளர் வெள்ளைச் சட்டை போட்ட, களைத்த மனிதர். என் கேஜின் கண்ணாடியில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார்.

“எங்க வீட்டுலயும் பூஜை போட்டோம்மா. தொடச்சிட்டு வந்தோம்.”

நீலக் குழாயை ஏ.சி.யிலும் மஞ்சள் குழாயைப் பம்பிலும் மாட்டி, உள்ளிருக்கும் காற்று முழுவதையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். மாட்டும் முன் குழாயை ஊதிப் பார்க்கும்படி சேகர் பலமுறை சொல்லியிருந்தார். பூஜையில் வைத்ததை எச்சில்படுத்துவதா என்று தயங்கி, ஊதாமலே மாட்டினேன். பம்பைப் போட்டதும் முள் சரசரவென்று அடிமட்டத்துக்கு இறங்கியது. பக்கத்தில் இருந்தவர்களின் முள்கள் சோம்பலாக நகர்ந்துகொண்டிருந்தன. அவர்கள்மேல் எனக்கு இரக்கம்கூட வந்தது. கையைத் தூக்கினேன்.

“முடிஞ்சுது சார்.”

அவர் வந்து வால்வை மூடச் சொன்னார். முள் அசையவில்லை. சிலைபோல் நின்றது.

“இவ்வளவு சுத்தமான வேக்யூம நான் பார்த்ததில்லம்மா,” என்றார். அது பாராட்டு என்று நினைத்துப் புன்னகைத்தேன். கொஞ்சம் நைட்ரஜன் விடச் சொன்னார். விட்டேன்; முள் துள்ளி மேலேறியது. அவர் முகம் சுருங்கியது. நைட்ரஜனை நிறுத்திவிட்டு, நீலக் குழாயை ஏ.சி.யிலிருந்து தாமே கழற்றினார். வரவேண்டிய ‘உஸ்’ சத்தம் வரவில்லை. குழாயின் வாயைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

அப்போது வந்தது. பூஜையின்போது மூடியில்லாத வாய்வழியே புகுந்து, ஈரத்தில் ஊறிச் சந்தனத்தோடு குழைந்து குழாயை அடைத்திருந்த பொரி முழுவதும், நைட்ரஜன் உந்த, அவர் வெள்ளைச் சட்டையின் மார்பில் போய் அப்பியது. ஏ.சி.க்குள் இருந்த காற்றை என் பம்பு தொடவே இல்லை. வெறும் குழாயைத்தான் அவ்வளவு நேரம் வெற்றிடமாக்கியிருந்தேன்.

தேர்வாளர் சட்டையிலிருந்து ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்தார்.

“பொரியா?”

“ஆமா சார்.”

“கடலையும் இருக்கா பாருங்க சார்,” என்றது பின்வரிசை.

சீர்காழியிலிருந்து நேரே வந்து சேகர் வாசலில் காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சரி விடு, மதி,” என்றார் பிறகு. “தோஹாக்காரங்களுக்குப் போன் பண்ணிடறேன்.”

பேருந்தில் வரும்போது என் மடியிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே, நட்டுத் தேறிய சம்பாப் பயிர் நெடுகத் தண்ணீரில் நின்றது. எங்கு பார்த்தாலும் ஈரம்.

மாமாவிடம் சொல்லவேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். சேகரால் அடக்க முடியவில்லை. மாமா முழுவதையும் கேட்டார். நெடுநேரம் யோசித்தார்.

“பூஜையும் போடாம போயிருந்தா இன்னும் மோசமா ஆயிருக்கும்,” என்றார்.

ஏஜென்ஸி வேறு ஊர்க் கடைக்குப் போயிற்று. தை பிறப்பதற்குள் சேகர் கிளம்பினார். அடுத்த முறை நான் தேறினேன். அதே தேர்வாளர், அந்த முறை கொஞ்சம் தள்ளியே நின்றார். சான்றிதழைக் கடையில் மாட்டியபோது அதைப் பார்க்க வேண்டியவர் தொலைபேசித் திரையில் இருந்தார். சுவரில் தொங்கும் வேலைகளையும் இப்போது நானே பார்க்கிறேன்.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் தோஹாவிலிருந்து அழைப்பு வரும். நலம் விசாரிக்கும் முன், “குழாய் சாப்பிட்டுச்சா?” என்பார் சேகர். மாமா திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்போதெல்லாம் அவர் கேஜ் செட்டைக் கழுவுவதில்லை. என்னிடம் கேட்டுவிட்டு, உலர்ந்த துணியால் துடைத்து, மூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று இரண்டு தரம் பார்த்து, பொரியைத் தனித்தட்டில் ஒரு முழம் தள்ளி வைக்கிறார். பொட்டு மட்டும் வைக்கிறார். நானும் அழிப்பதில்லை.

அடுத்த வருடம் வந்துவிடுவதாகச் சேகர் சொல்கிறார். அது வழக்கமாகச் சொல்வது. அழைப்பு முடிந்ததும் தட்டிலிருக்கும் பொரியை நாங்கள் சாப்பிடுகிறோம். கடையில் நான் இருக்கிறேன். மாமா இருக்கிறார்.