சோதனைக்குக் கிடைத்த ஆய்வேடு

எனக்குத் தன்னம்பிக்கை அதிகமாக இருந்த நாட்களில்தான் அடுத்தவர்களுக்கு அதிகச் சேதம் விளைவித்திருக்கிறேன். முதல் சேதம் என் அக்காவின் கணவருக்கு.

எண்பதுகளின் கடைசி. திண்டிவனத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். பாண்டிச்சேரியில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்த நான் அங்கே ஆசிரியை. சென்னைக் கம்பெனி ஒன்று, பிடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்று நாலைந்து மென்பொருள்களை அனுப்பியிருந்தது. முதலாளி சம்பந்தம் சார் அவற்றை என் மேஜையில் வைத்து, "எது தேறும், எது தேறாதுன்னு நீயே பாத்து எழுதிக் குடும்மா" என்றார்.

ஒரு நோட்டு எடுத்து, பரீட்சைத்தாள் மாதிரி மார்க் போட ஆரம்பித்தேன். (இருபத்திரண்டு வயசு. கையில சிவப்புப் பேனா வேற.) கடிதம் அடிக்கும் மென்பொருளுக்கு நூற்றுக்கு எழுபது. அழிந்துபோன ஃபைலை மீட்டுத் தரும் மென்பொருள் ஒன்று இருந்தது. அதன் கையேடு தடியாக இருந்ததால், படிக்காமலே பத்து மார்க் குறைத்தேன். இரண்டு வரி ஃபைல் ஒன்றை அழித்து மீட்டுப் பார்த்தேன், மீண்டது. மனசு நிறையவில்லை. பெரிய ஃபைலாக ஒன்று வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கணவர், என் மாமா, வந்தார். விழுப்புரத்தில் கல்லூரி ஆசிரியர். மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடியில் வரும் இலைப்புள்ளி நோயைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு. மயிலத்தைச் சுற்றியுள்ள கொல்லைகளில் நான்கு வருடம் இலை சேகரித்தவர். அவருடைய கையெழுத்துப் பிரதியை நான்தான் டைப் செய்திருந்தேன். அதன்பிறகு இரண்டு மாதம், ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வந்து, திரையிலேயே திருத்திப் பாதியை மாற்றி எழுதியிருந்தார். எல்லாம் ஒரே ஃப்ளாப்பியில். அன்று பிரிண்ட் எடுக்க வேண்டும். அந்த வாரமே பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும்.

"மாமா, ஒரு நிமிஷம். இத்த அழிச்சிட்டுத் திருப்பிக் கொண்டாந்து காட்டுறேன் பாருங்க."

"எதுக்கும்மா அழிக்கணும்?"

"திருப்பிக் கொண்டாறதுக்குத்தான்."

அழித்தேன். எங்கள் கம்ப்யூட்டரில் ஃப்ளாப்பி செருக ஒரே ஒரு வாய். மாற்றி மாற்றிச் செருகச் சோம்பல்பட்டு, மீட்கும் மென்பொருளை மாமாவின் ஃப்ளாப்பியிலேயே காப்பி செய்தேன். அழிந்த ஃபைல் இருந்த இடத்தைக் கம்ப்யூட்டர் காலியிடமாகத்தான் நினைக்கும், புதிதாக வருவதை அதன்மேலேயே எழுதிவிடும். கையேட்டின் மூன்றாம் பக்கத்திலேயே இந்த எச்சரிக்கை இருந்ததாம்.

மீட்டாகிவிட்டது என்று திரை சொன்னது. (கை தட்டினேன். நெஜமாவே தட்டினேன்.) திறந்தால், ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் குட்டிக் குட்டியாகச் சிரிக்கும் முகங்கள், சீட்டுக்கட்டு ஆட்டின்கள், கிரேக்க எழுத்துகள்.

மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். "இன்னாம்மா இது, சிரிச்சிக்கினு கீது?"

ஐம்பது பக்கம் வரை அது சிரித்துக்கொண்டே இருந்தது. கடைசி முப்பது பக்கம் மட்டும் பிழைத்தது.

மாமா திட்டவில்லை. நாற்காலியை மேஜைக்கடியில் ஒழுங்காகத் தள்ளி வைத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். நானும் கூடவே போனேன். விழுப்புரம் வரை ஜன்னல் வழியாகக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு அந்தப் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை.

"அவுரு இன்னா சொன்னாரு?" என்று அக்கா சமையலறையில் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலக்கா."

"ஐயோ, அப்ப ரொம்ப ஒடஞ்சி பூட்டாருடி."

பழைய கையெழுத்துப் பிரதி இருந்தது; திருத்தங்கள் அவர் தலைக்குள் மட்டும். அவர் யோசித்து யோசித்துச் சொல்ல, பதினோரு ஞாயிறு தட்டினேன். அதற்குள் கெடு தாண்டி, பட்டத்தை நம்பிக் கல்லூரியில் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு இன்னொருவருக்குப் போயிருந்தது. இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒருநாள் பாதியில் நிறுத்தி, "முன்ன எழுதுனதவிட இது நல்லாத்தான் வருது" என்றார். அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

சம்பந்தம் சாரிடம் கொடுத்த அறிக்கையில், மீட்கும் மென்பொருளைப் பற்றி நேர்மையாக எழுதினேன்: 'வாங்கலாம். என்னிடம் கொடுக்க வேண்டாம்.'

மாமா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். டாக்டர் பட்டமும் ஒரு வருடம் தாமதமாக வந்து சேர்ந்தது. போன மாதம் கடைசி மகளின் கல்யாணப் பத்திரிகை வைக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். தட்டில் மூன்று பத்திரிகை.

"ஒண்ணு உனுக்கு," என்றார். "ஒண்ணு நீ தொலைக்கிறதுக்கு. மூணாவது சகலைகிட்ட இருக்கட்டும்."

என் கணவர் சிரிக்கக்கூட இல்லை. மூன்றாவதை வாங்கிக்கொண்டு போய் பீரோவில் வைத்துப் பூட்டினார்.