ஒரு நாளாவது மணிக்கு முன்னால்

நாச்சியப்பன் வாத்தியார் பஸ்ஸிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார். பள்ளிக்கூட மணி அடித்தது. தை மாதம் இங்கே வேலைக்கு வந்த நாளிலிருந்து அது அந்தக் காலுக்குத்தான் அடிக்கிறது.

புதுக்கோட்டையிலிருந்து மண் ரோட்டில் பதினெட்டு மைல். இறங்கியதும் கண்மாய்க் கரை மேல் அரை மைல் நடை. அதற்கப்புறம் மேட்டில் பள்ளிக்கூடம். குடுமியான்மலையைத் தாண்டிய ஊர். பெயர் வேண்டாம், பள்ளிக்கூடம் இன்னும் நடக்கிறது. அங்கே சுவர்க் கடிகாரம் நின்று இரண்டு வருஷமாயிற்று. பியூன் பிச்சைமுத்து மணி அடித்தால் பத்து, அவ்வளவுதான்.

எட்மாஸ்டர் ஏகாம்பரம் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் "தாமதம்" என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"வேலை இன்னும் உறுதியாகாத ஆளு நீங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். ஒரு நாளாவது மணிக்கு முன்னால வந்து காட்டுங்க. இல்லேன்னா திருச்சி ஆபீசுக்கு எழுதிருவேன்."

எழுதினால் வேலை போகும். வேலை போனால் திருமயத்தில் மாமனாரின் இரும்புக் கடையில் உட்கார வேண்டும். இரும்பைக் கண்டு நாச்சியப்பனுக்குப் பயமில்லை. மாமனாரைக் கண்டுதான் பயம்.

அன்று சாயங்காலம் மனைவி சீதையோடு உட்கார்ந்து பஸ்ஸா காரா என்று யோசித்தார். மாமனார் கொடுத்த குட்டிக் கார் ஒன்று கொட்டகையில் கோழி அடைய உதவிக்கொண்டிருந்தது.

"பஸ்ஸு கை காட்டுன எடத்துலயெல்லாம் நிக்கும். காரு நீங்க சொன்ன எடத்துலதான் நிக்கும்" என்றாள் சீதை.

"சொல்லாத எடத்துலயும் நிக்கும்" என்றார் நாச்சியப்பன்.

பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகலாம். ஆனால் அது கிளம்பும்போதுதான் கிளம்ப வேண்டும். காரில் தூங்க முடியாது. ஆனால் நினைத்தபோது கிளம்பலாம். கடைசியில் கோழிகள் வெளியேறின.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தார். கரையில் கார் ஏறாது என்பதால் ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். சைக்கிள்கூட இல்லாத எட்மாஸ்டருக்குக் கார் விஷயம் தெரிவது நல்லதல்ல என்பதும் மனதில் இருந்தது. கதவைச் சாத்தினார். மணி அடித்தது.

கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்ச் ஒன்பதே கால் காட்டியது. மாமனார் போட்டது அப்படித்தான் இருக்கும் என்று அதை முக்கால் மணி நேரம் தள்ளி வைத்தார்.

புதன்கிழமை இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினார். மணி அடித்தது. சாயங்காலம் வாட்ச் கடையில் காட்டினார். கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, யாரோ வேண்டுமென்றே தள்ளி வைத்திருக்கிறார்கள், மற்றபடி ஒரு குறையும் இல்லை என்றார். நாச்சியப்பன் அவரையும் நம்பவில்லை. வாட்ச்சை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை சேவல் கூவியதும் ஹேண்டில் போட்டுக் காரைக் கிளப்பினார். முன்தினம் மிஞ்சிய சோற்றைத் தூக்கில் அடைத்துக் கொடுத்த சீதை, வாத்தியார் வேலைக்குப் போகிறீர்களா, பால் கறக்கப் போகிறீர்களா என்று கேட்டாள். போய்ச் சேர்ந்து இறங்கினார். மணி அடித்தது.

பிள்ளைகள் கஞ்சி குடித்த வாயைத் துடைத்தபடி ஓடி வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வீட்டில் குடியிருந்த எட்மாஸ்டர், ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் சோப்பு நுரையுமாக, மணி ஓய்வதற்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இப்போதெல்லாம் நேரம் பறக்கிறது என்று வருத்தப்பட்டுக்கொண்டே சிவப்பு மையைத் தொட்டார். சூரியனும் அன்று தாமதம்தான். அதற்குச் சிவப்பு மை போடும் அதிகாரம் எட்மாஸ்டருக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை நாச்சியப்பன் சேவலை எழுப்பிவிட்டுக் கிளம்பினார். கிழக்கு லேசாக வெளுத்திருந்தது. ரோட்டில் ஒரு மாட்டு வண்டிகூட இல்லை. இன்றைக்கு நானே போய் மணி அடித்துக் காட்டுகிறேன் என்று சந்தோஷமாகக் காரை விரட்டினார். அப்படியொரு வேகத்தை அந்தக் கார் அதன் வாலிபத்திலும் கண்டிருக்காது.

புளியமரத்தடியில் இறங்கினார். மணி அடித்தது.

அரை மைலும் ஓடினார். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் போர்வையோடு இருந்தார்கள். எட்மாஸ்டர் தோளில் துண்டோடு, வாயில் வேப்பங்குச்சியோடு, திருச்சிக்கு எழுத வெள்ளைத்தாளை எடுத்து வைத்திருந்தார். நாச்சியப்பனுக்கு இரும்புக் கடை கண்முன்னே தெரிந்தது. அழுகை வந்தது. வாத்தியார் என்பதால் அடக்கிக்கொண்டார்.

"என்ன சொல்றீங்க?" என்றார் எட்மாஸ்டர்.

நாச்சியப்பன் வாட்ச் இல்லாத மணிக்கட்டைப் பார்த்தார். எட்மாஸ்டர் மைக்கூடு கேட்டார். பிச்சைமுத்து கொட்டாவி விட்டபடி அதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். வைத்துவிட்டு நாச்சியப்பன் பக்கம் திரும்பினான்.

"சார், நீங்க அதுலதான வாரீங்க, அந்த பஸ் டிரைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா? ரோட்டுல அவன் கெளப்புற புழுதியப் பாத்துத்தான் நான் மணி அடிக்கிறேன். இந்த வாரம் பூரா தெனமும் முந்தி முந்தி வந்து என் உசிர வாங்குறான்."