விலங்குக்கு உறை பாக்கற ஏட்டு

பாத்து வாங்கறவங்கன்னு ஒரு ரகம் கீது. நீங்களும் பாத்திருப்பீங்க. கடைக்காரன் ஒரு குடையை நீட்டுனா, அத வாங்கி, விரிச்சு, மடக்கி, கம்பியெல்லாம் தட்டிப் பாத்து, துணியை வெளிச்சத்துல புடிச்சு ஓட்டை தேடி, புடியை மோந்து பாத்து, "வேற காமி"ன்னு சொல்லிட்டு, கடைசில ஒண்ணும் வாங்காம தொப்பலா நனைஞ்சுகினு வூட்டுக்கு வருவாங்களே, அவங்கதான். கஞ்சத்தனமா? கெடையாது. சோம்பேறியா? அதுவும் இல்ல. பொருளு சரியா அமைஞ்சுட்டா வேலை தானா நடந்துடும்னு ஒரு நம்பிக்கை. அவ்ளோதான்.

காலடிப்பேட்டை செங்கொடி இந்த ரகத்துல ஒருத்தருக்குத்தான் வாக்கப்பட்டா. வூட்டுக்காரரு பேரு வல்லரசு. போலீஸ்ல ஏட்டு, கிரைம் டீம். யூனிபாரம் போடாம, கூட்டத்தோட கூட்டமா நின்னு திருடனை அமுக்கற வேலை. அதுல அவருக்கு அப்படி ஒரு பெருமை. கறிகாய் வாங்கப் போனாக்கூட ஆளுங்களை ஓரக்கண்ணாலதான் பாப்பாரு.

ஒரே ஒரு பேஜாரு. கைவிலங்கு. சர்க்காரு குடுத்த தோல் உறை, சாப்பாட்டு டப்பா கணக்கா இடுப்புல துருத்திகினு நிக்கும். பட்டன் வேற லூசு. நடந்தா கிளிங் கிளிங்குன்னு மாட்டு மணி. செம்புக் கேபிள் திருடற தவசிமுத்து அந்தச் சத்தத்தை வச்சே ரெண்டு தபா தப்பிச்சுட்டான். அதுல ஒரு தபா திரும்பிக்கூடப் பாக்காம, "வணக்கம் ஏட்டு சார்"னு சொல்லிட்டு ஓடினான்னா பாத்துக்கோங்க.

இன்ஸ்பெக்டர் கூப்ட்டு சொல்லிட்டாரு. "வெள்ளிக்கெழமைக்குள்ள அவன் ஸ்டேஷனுக்கு வரணும்யா. இல்லாட்டி நீ கிரைம் டீம்ல இல்ல. யூனிபாரத்தை மாட்டிகினு பந்தோபஸ்துக்குப் போ."

வேற ஆளா இருந்தா தவசிமுத்தைத் தேடியிருப்பான். நம்மாளு உறையைத் தேடினாரு.

கல்மண்டபத்துல பை தைக்கிற தாவூது பாய் கிட்ட போனாரு.

"பாய், உள்ள விலங்கு கீறது வெளிய தெரியக் கூடாது."

"சரி ஏட்டய்யா."

"ஓடினா சத்தம் வரக் கூடாது. எவன் புடிச்சு இழுத்தாலும் வரக் கூடாது. நான் தொட்டா மட்டும் ஒடனே வரணும்."

பாய் பல்லுல கடிச்சிருந்த நூலை எடுத்தாரு. "இது உறையா, சம்சாரமா ஏட்டய்யா? எனக்கே அப்படி அமையலயே."

ஆனாலும் தைச்சுக் குடுத்தாரு. மொத உறையில ஒட்டுற பட்டி. தொறந்தா பர்ர்ருன்னு பழைய வேட்டி கிழியற சத்தம், வேணாம். அடுத்தது மூடியே இல்லாதது. பஸ்ல சீட்டுக் கம்பில மாட்டிகினு விலங்கு மட்டும் தனியா எறங்கப் பாத்துச்சு, வேணாம். அதுக்கடுத்தது நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பட்டன் பளபளன்னு கீதாம். வேணாம்.

ஒவ்வொண்ணுக்கும் வூட்ல பரீட்சை. திருடன் யாரு? செங்கொடிதான்.

"ஓடுமே!"

"எங்கயா ஓடறது? அடுப்புல கொயம்பு கொதிக்குது."

"அடுப்பங்கரை வரைக்கும் ஓடு. நான் பின்னாடி வரேன். சத்தம் கேக்குதா சொல்லு."

கரண்டியோட அவ ஓட, இவரு தொரத்த, பக்கத்து வூட்டு ஜன்னல் எல்லாம் தொறந்துக்கும். புருசன் பொண்டாட்டி சண்டைன்னு நெனச்சு எட்டிப் பாத்தவங்க, இவரு இடுப்பைத் தட்டிக்கினு சிரிக்கறதப் பாத்துட்டு மூடிக்குவாங்க.

"கேட்டுச்சா?"

"விலங்கு கேக்கல. உனுக்கு மூச்சு வாங்கறதுதான் எண்ணூர் வரைக்கும் கேக்குது. மொதல்ல அந்த வவுத்துக்கு ஒரு உறை தைக்கச் சொல்லு."

வியாழக்கெழமைதான் மனசுக்குப் புடிச்சது அமைஞ்சுது. கறுப்புத் தோலு, உள்ள மெத்துன்னு துணி, பெல்ட்டோட பெல்ட்டா படிஞ்சு கெடக்கும். சட்டையை இறக்கிவுட்டா மூக்குக்கண்ணாடிக் கூடுன்னுதான் சொல்லுவீங்க. புதுத் தோலு ஆச்சே, கொஞ்சம் இறுக்கம். உள்ள துணியைத் திணிச்சு வெச்சா தளந்துக்கும்னு பாய் சொன்னாரு. நம்மாளு விலங்கை எடுத்து ஃபிரிஜ் மேல வெச்சுட்டு, செங்கொடியோட பழைய பூப்போட்ட பொடவையில ஒரு துண்டு கிழிச்சு, சுருட்டி உள்ள திணிச்சாரு.

வெள்ளிக்கெழமை காலைல பெல்ட்டைக் கட்டினாரு. குனிஞ்சு பாத்தாரு, குதிச்சுப் பாத்தாரு, கண்ணாடியில முன்னாடி பாத்து, பின்னாடி பாத்து, பக்கவாட்டுல பாத்தாரு. சத்தமே இல்ல. எப்படி வரும்? விலங்குதான் ஃபிரிஜ் மேல கீதே! மூடியைத் தொறந்து மட்டும் பாக்கல. பாத்து வாங்கறவங்க வாங்கற வரைக்கும்தான் பாப்பாங்க.

தவசிமுத்து வழக்கமா வந்து போற கல்மண்டபம் டீக்கடையில போய் நின்னாரு. உறை அமோகமா வேலை செஞ்சுது. தவசிமுத்து நேரா இவரு பக்கத்துலயே வந்து, "நெருப்பு கீதாண்ணே?"ன்னு கேட்டான்னா பாருங்களேன். நம்மாளு கப்புன்னு மணிக்கட்டைப் புடிச்சாரு. இன்னொரு கை இடுப்புக்குப் போச்சு. தொட்டதும் மூடி வெண்ணெய் மாதிரி தொறந்துச்சு. உள்ளேர்ந்து பூப்போட்ட பொடவைத் துண்டு வந்துச்சு.

ரெண்டு பேரும் அதையே பாத்தாங்க.

"இன்னா சார் இது?"

"மூஞ்சியத் தொடைச்சுக்கோ" அப்படின்னாரு ஏட்டு. வேற இன்னா சொல்லுவாரு?

கட்டலாம்னா, அது இத்துப்போன துணி. ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி ஆளு கேக்கலாம்னா, இன்ஸ்பெக்டர் மொதக் கேள்வியே "விலங்கு எங்கய்யா?"ன்னுதான் வரும். நடத்திக் கூட்டிகினு போலாம்னா, இவன் ஏற்கெனவே ரெண்டு தபா ஓடினவன். வுட்ட கை வுட்டதுதான், அத்தோட கிரைம் டீமும் போச்சு. புடிச்ச புடி வுடாம, டீக்கடை ஒத்த ரூவா போன் கிட்ட அவனை இழுத்துகினு போனாரு. சில்லறை இல்ல. தவசிமுத்துதான் போட்டான்.

"செங்கொடி... அது வந்து..."

"ஃபிரிஜ் மேல கீது."

"கொண்டாந்துடுமே. யாருக்கும் தெரியக் கூடாது."

செங்கொடி யோசிக்கவே இல்ல. ஆணியில மாட்டியிருந்த கட்டப்பையை எடுத்தா, விலங்கைப் போட்டா, மேல ஒரு கட்டு முருங்கக்கீரையை அமுக்கினா, ஷேர் ஆட்டோவுல ஏறிட்டா. மடியில பையை வெச்சுகினு, மேட்டுலயும் பள்ளத்துலயும் குலுங்கிக் குலுங்கித்தான் போனா. ஒரு சத்தம்? இல்ல. ஒருத்தர் பாத்தாங்களா? பாத்தாங்க. "கீரை கட்டு எவ்ளோம்மா?"ன்னு கேட்டாங்க.

டீக்கடை பெஞ்சுல ரெண்டு பேரும் கையைக் கோத்துகினு, நிச்சயம் முடிஞ்ச சோடி கணக்கா ஒக்காந்திருந்தாங்க.

"வாங்கக்கா. சாருக்குக் கை வேர்த்துப் போச்சு" அப்படின்னான் தவசிமுத்து.

"நீ மூடு" அப்படின்னுட்டு செங்கொடி கீரையை ஒதுக்கி விலங்கை எடுத்துக் குடுத்தா. டக், டக். முடிஞ்சுது. தவசிமுத்து மாட்டினான், ஏட்டுக்கு கிரைம் டீம் தங்கிச்சு.

ஆனா ஏட்டு திருடனைப் பாக்கல, சம்சாரத்தையும் பாக்கல. பையை வாங்கினாரு. அமுக்கினாரு. காதுகிட்ட வெச்சு ஆட்டினாரு. கவுத்து அடியில தையலைத் தடவினாரு.

"செங்கொடி, இது எங்கமே வாங்கின? கறுப்புல கெடைக்குமா?"

செங்கொடி பையைப் புடுங்கிகினு அடுத்த ஆட்டோ ஏறிட்டா.

சிரிக்கிறீங்க இல்ல? நல்லா சிரிங்க. இந்தப் புஸ்தகத்தை வாங்கறப்ப, மேல இருந்தத வுட்டுட்டு, அட்டை மடங்கிருக்கான்னு ஒவ்வொண்ணா பொரட்டி, அடுக்குல நடுவுல இருந்து ஒண்ணை உருவி எடுத்தது யாருங்க?