வெரெனிக்கி வீட்டுச் சாப்பாடு

ஒரு வாரம் வேர்க்க விறுவிறுக்க நடந்துவிட்டு வந்து மெஷினில் ஏறினால், எடை இரண்டு கிலோ கூடியிருந்தது.

"மெஷின் ரிப்பேரா இருக்கும் சிஸ்டர்," என்றான் இசிகேலி.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஏறி நிக்கிற ஆளுதான் ரிப்பேர்," என்றாள் நர்ஸ் லோசலினி. "நூத்திப் பதினாறு. கம்பெனி கேக்கறது நூத்திப் பத்து. மாசக் கடைசிக்குள்ள எறங்கலேன்னா நான் ஃபாரத்துல கையெழுத்துப் போட மாட்டேன். அப்புறம் உங்க பஸ்ஸை வேற யாராவது ஓட்டுவாங்க."

இருபத்திரண்டு வருஷமாக ஃபிஜித் தலைநகர் சுவாவுக்கும் ஊருக்கும் பஸ் ஓட்டுகிறவன் இசிகேலி. அந்த ஸ்டியரிங்கைத் தவிர அவன் கைக்கு வேறு எதுவும் பழக்கமில்லை. மீன் பிடிக்கப் போனால் மீன்கள் சிரிக்கும்.

அவன் நடந்தது உண்மை. எங்கே நடந்தான் என்பதில்தான் கோளாறு. பொழுது சாயும் நேரத்தில் ஊர்த்தெரு வழியாக நடந்தான். அது ஊரே பாய் விரித்துச் சாப்பிட உட்காரும் நேரம். வாயில் கவளத்தோடு இருக்கும்போது வாசலில் ஒருவர் போனால், "வா, சாப்பிடு!" என்று கூப்பிட்டாக வேண்டும். கூப்பிட்டால் போய் ஒரு வாயாவது வைத்தாக வேண்டும். ஊரில் நாற்பது வீடு. ஒரு வீட்டில் தேங்காய்ப்பால் மீன், அடுத்த வீட்டில் டின் மாட்டிறைச்சி வைத்து அவித்த சேம்பிலை, அதற்கடுத்த வீட்டில் மரவள்ளிக்கிழங்குப் புட்டிங். நடையா அது? பந்திக்குப் பந்தி தாவியதுதான் மிச்சம்.

மறுநாள் நாக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

"வா, சாப்பிடு!" என்று கூப்பிட்டாள் பக்கத்து வீட்டு உலாமிலா.

"ஆச்சுக்கா, இப்பத்தான் சாப்பிட்டேன்."

"எங்க சாப்ட்ட? இன்னும் அடுப்பே மூட்டலேன்னு இப்பத்தானே உன் பொண்டாட்டி சொன்னா?"

அவன் நடையை எட்டிப் போட்டு நழுவினான். வீடு திரும்பியபோது அவனுக்கு முன்னால் ஆறு வாழையிலைப் பொட்டலங்கள் வந்து சேர்ந்திருந்தன. மனைவி மெரேயானி அவற்றின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் போன போக்கு நன்றாக இல்லை.

"நான் புருஷனுக்குச் சோறு போடறதில்லன்னு ஊரே பேசுது. உனக்குச் சந்தோஷமா?"

"அப்படியில்லம்மா..."

"பேசாத. ஒக்காந்து தின்னு. ஒரு பருக்கை மிச்சம் வெச்சேன்னா பாரு!"

ஆறு பொட்டலமும் உள்ளே போயின. ஊர்த்தெரு இனி உதவாது என்று அன்றைக்கு முடிவு கட்டினான்.

மிச்சமிருந்தது சதுப்புக்காட்டை ஒட்டிய பின்பாதை. அந்தப் பக்கம் ஒரே ஒரு வீடு, அதுவும் பூட்டிய வீடு. அவன் மச்சான் வெரெனிக்கியின் வீடு. வெரெனிக்கியைப் போல விருந்து வைத்தவனும் கிடையாது, தின்றவனும் கிடையாது. சர்க்கரை வியாதியில் முதலில் ஒரு கால் போயிற்று, பிறகு மற்றொன்று போயிற்று. போன வருஷம் ஆளே போய்விட்டான். அவன் மனைவி பிள்ளைகளோடு சிட்னிக்குப் போய்விட்டாள். பூட்டிய வீட்டிலிருந்து யார் கூப்பிடப் போகிறார்கள் என்று நிம்மதியாக நடந்தான் இசிகேலி.

வீட்டை நெருங்கும்போது தவளைச் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு வாசனை வந்தது. எலுமிச்சை பிழிந்து தேங்காய்ப்பாலில் கொதித்த மீனின் வாசனை. சமையல் கொட்டகையில் புகையில்லை, நெருப்பில்லை. ஆனாலும் அவன் வாயில் எச்சில் ஊறியது.

"வா... சாப்பிடு..."

ஆண் குரலா பெண் குரலா என்று சொல்ல முடியவில்லை. வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற குரல். ஜன்னல் பலகைகளுக்குப் பின்னாலிருந்து, மிகவும் பிரியமாக வந்தது.

பழக்கதோஷம், "ஆச்சு, நன்றி," என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்று உறைத்தது. நூற்றுப் பதினாறு கிலோவும் காற்றாய்ப் பறந்தன. வீடு வந்து விழுந்தவனுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

"பதில் சொன்னியா?" என்று, நடந்ததைக் கேட்ட மெரேயானி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "இனிமே அந்தப் பக்கம் போகாத. போனாலும் உள்ள போகாத. செத்தவங்க பாயில ஒக்காந்து ஒரு வாய் தின்னுட்டா, அப்புறம் நீ அந்த வீட்டு ஆளு."

இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. ஊர்த்தெருவில் நடந்தான், புட்டிங் தின்றான். மூன்றாம் நாள் மெஷினில் ஏறினால், பேயைக் கண்டு ஓடியதில் குறைந்த ஒரு கிலோ திரும்பி வந்திருந்தது.

பேயா, புட்டிங்கா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தான். புட்டிங்குக்கு அஞ்சிப் பேயைத் தேர்ந்தெடுத்தான்.

அதிலிருந்து தினமும் பின்பாதைதான். தினமும் அந்தக் குரல், தினமும் ஓட்டம். திரும்பி வந்தால் வயிறு தானாக மூடிக்கொள்ளும். எடை சரசரவென்று இறங்கியது. சிஸ்டரே அசந்துபோய், "என்ன வைத்தியம் இது?" என்று கேட்டாள்.

"நடைதான் சிஸ்டர். கொஞ்சம் வேகமா."

ஆனால் ஒரு விஷயத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பஸ் ஓட்டும்போது மதியம் எதை நினைத்து ஏங்குகிறானோ, சாயங்காலம் அந்த வீட்டிலிருந்து அதே வாசனைதான் வந்தது. வறுத்த நண்டை நினைத்தால் நண்டு. மண்ணடுப்பில் சுட்ட பன்றியை நினைத்தால் பன்றி. ஒருநாள் வேண்டுமென்றே, சின்ன வயதில் தின்ற வாழைப்பழப் பணியாரத்தை நினைத்துப் பார்த்தான். அன்று மாலை பாதை முழுக்கப் பணியாரம் மணந்தது. பயத்தைவிட அழுகைதான் வந்தது. வெரெனிக்கியோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் போலிருந்தது.

மாசக் கடைசிக்கு முந்தின நாள். எடை நூற்றுப் பத்தரை. இன்னும் அரைக் கிலோ. இன்று ஓடினால் நாளை காலை கையெழுத்து, பஸ் தப்பித்தது.

"வா... சாப்பிடு..."

ஓடத் திரும்பியவனின் காதில் வேறொரு சத்தமும் விழுந்தது. எலும்பைக் கடித்து உறிஞ்சும் சத்தம்! இசிகேலி நின்றான். உறிஞ்சுகிறவன் செத்தவனாக இருக்க முடியாது. யாரோ உயிரோடிருக்கும் பயல் ஒளிந்து தின்கிறான். ஒளிந்து தின்றாலும் நம்மூர்க்காரன் நம்மூர்க்காரன்தானே? வாசலில் காலடி கேட்டால், கூப்பிடாமல் அவனுக்கு ஒரு வாய் தொண்டையில் இறங்குமா? இத்தனை நாளும் ஒரு திருட்டுத் தின்னிக்காகவா செத்துச் செத்துப் பிழைத்தோம் என்று கோபம் தலைக்கேறியது. கதவைத் தள்ளினான். பூட்டு இல்லை, திறந்துகொண்டது.

பாயில் இரண்டு தட்டுகள். ஒன்றின் முன்னால், கையில் பன்றி விலாவும் கன்னமெல்லாம் எண்ணெயுமாக, நர்ஸ் லோசலினி.

"சிஸ்டர்!"

லோசலினிக்கு விலா கையிலிருந்து நழுவியது. "ஐயோ, சொல்லிடாதீங்க! குவார்ட்டர்ஸுக்கு இதான் குறுக்கு வழி. ஊருக்கே பட்டினி எழுதிக் குடுக்கறேன், வீட்டுல நானும் கீரைதான். ஆனா இந்த வாசனை... மனுஷியால தாங்க முடியல."

இசிகேலி சிரித்தான். தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தான். மாசம் முழுக்க நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்கு மெஷின்ல..."

"மெஷின் கெடக்குது. நூத்திப் பத்துன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன். நீங்க என்னைப் பாக்கல, நான் உங்க எடையைப் பாக்கல."

பஸ்ஸும் தப்பித்தது, பேயும் ஒழிந்தது. பயம் போன இடத்தில் ஒரு மாசப் பசி வந்து உட்கார்ந்தது. இரண்டாவது தட்டு நிரம்பியே இருந்தது. ஆவி பறக்கும் பன்றி, தேங்காய்ப்பால், ஓரத்தில் இரண்டு வாழைப்பழப் பணியாரம். இசிகேலி பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பேசாமல், நிமிராமல், தட்டு பளபளக்கும் வரை தின்றான்.

"பிரமாதம் சிஸ்டர்!" என்று விரலை நக்கினான். "கைப்பக்குவம்னா இதுதான். ஆனா ஒண்ணு சொல்லணும், ஒளிஞ்சு திங்கிறப்பக்கூட வழியில போறவனைக் கூப்பிட்டீங்க பாருங்க, அந்த நல்ல மனசு யாருக்கு வரும்?"

லோசலினி மெல்லுவதை நிறுத்தினாள். கதவைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"நான் எங்க கூப்பிட்டேன்? இதெல்லாம் சமைச்சு வெச்சுட்டு, தினமும் என்னைக் கூப்பிடறது நீங்கதானே?"