மறுவீட்டு விருந்தன்று வந்த முதல் எபிசோடு

சிரிப்பு எல்லாருக்கும் பொதுவானது என்று யாராவது மேடையேறிச் சொன்னால், அந்த ஆள் ஒரு டிவி ஆபீஸில் அரை நாள்கூட உட்கார்ந்ததில்லை என்று அர்த்தம். அங்கே சிரிப்புக்கு வயது உண்டு, ஊர் உண்டு, ஆண் பெண் உண்டு, பகல் ராத்திரி உண்டு. காலேஜ் பையன் ராத்திரி பார்த்துச் சிரிக்கிற ஒன்றை, அவனைப் பெற்றவள் பகலில் பார்த்துச் சிரிக்கக் கூடாது. சிரித்தால் விளம்பரம் கொடுக்கிற சோப்புக் கம்பெனிக்காரனுக்குக் கோபம் வந்துவிடும். இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில், சொந்தபந்தம் பூராவும் பார்த்திருக்க, பட்டுத் தெரிந்துகொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

என் தங்கச்சி உமாவுக்கு ஏரலில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். நல்ல குடும்பம், பையனுக்கு பேங்கில் வேலை. எங்கள் பக்கத்தில் குறை என்று ஒன்று இருந்தால் அது நான்தான். எங்கள் வீட்டில் வாத்தியார் உண்டு, தாசில்தார் உண்டு, மின்வாரியத்தில் இன்ஜினியர் உண்டு. நான் ஒருத்தன்தான் சென்னையில் டிவிக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா கோமதி அத்தை, "பொண்ணோட அண்ணன் என்ன செய்யுதாரு?" என்று கேட்டார்.

என் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சென்னையில இருக்கான்" என்றார்.

"அங்கன என்ன செய்யுதாரு?"

"அங்கனதான் இருக்கான்."

(பெத்த தகப்பன்!) நான் பஜ்ஜித் தட்டோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். உமா என்னைப் பார்த்த பார்வையில் இருந்த பரிதாபத்தை நான் மன்னிக்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் என்னுடைய நகைச்சுவைத் தொடர் ஒன்றை ஒரு சேனல் எடுத்துக்கொண்டது. கதை சின்னதுதான். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்கு மறுவீட்டு விருந்து போடுவார்கள். அதில் சொதிதான் ராஜா. தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு வைக்கிற குழம்பு, கூடவே இஞ்சிப் பச்சடி. என் கதையில் மாப்பிள்ளையின் அப்பா அந்தச் சொதியை ஒரு வாய் சாப்பிடுவார், முகத்தைச் சுளிப்பார், "இருக்கட்டும்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு எழுந்துபோவார். அவ்வளவுதான். பெண் வீடு ரெண்டுபட்டுவிடும். உப்பா, உறைப்பா, பால் திரிந்ததா, வரவேற்றதில் குறையா என்று ஆளாளுக்கு அடித்துக்கொள்வார்கள். கடைசியில் பார்த்தால் மனுஷனுக்குப் பல்வலி. எங்கள் சிவசைலம் பெரியப்பாவை நினைத்து எழுதியது. அவர் தாசில்தாராக இருந்தவர். பிடிக்காததை வாயால் சொல்லமாட்டார், முகத்தாலேயே ஒரு ஊரைக் கலவரப்படுத்துவார்.

நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பான மேடம் கதையைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஒண்ணுமே பேசாம சிரிக்க வைக்கறீங்க சங்கரன். யூத் இதைத்தான் கேக்கறாங்க. ராத்திரி பத்து மணிக்குப் போடறோம்" என்றார்.

நான் ஊருக்கு ஓடிவந்து முதல் காரியமாக உமாவின் கல்யாணப் பத்திரிகையில் கை வைத்தேன். எங்கள் பத்திரிகைகளில் அழைப்பவர்கள் பெயருக்குக் கீழே அடைப்புக்குள் உத்தியோகம் போடுவது வழக்கம். தாசில்தார் (ஓய்வு), உதவிப் பொறியாளர், இப்படி. என் பெயருக்குக் கீழே வெறும் இடம் விட்டிருந்தார்கள். அப்பாவோடு சண்டை போட்டு, சோறு தின்னாமல் கிடந்து, (சின்னத்திரை எழுத்தாளர்) என்று போடவைத்தேன். அம்மாதான், "பிறத்தியாருக்குத் தெரியுத மாதிரி பெருசா போடாதிய" என்று அச்சகத்தில் சொல்லிவிட்டு வந்தாள்.

பத்திரிகை அச்சுக்குப் போன பிறகு மேடம் கூப்பிட்டார். அதே அறை, அதே நாற்காலி, ஆனால் பேச்சு வேறே. பையன்கள் எல்லாம் போனில் மூழ்கிவிட்டார்களாம், டிவி பக்கமே வருவதில்லையாம். இனிமேல் சேனல் குடும்பத் தலைவிகளுக்கு மட்டும்தானாம். என் தொடர் திங்கள் முதல் வெள்ளி வரை பகல் பன்னிரண்டு மணிக்குப் போய்விட்டது.

"பன்னெண்டு மணிக்கு அவங்க எங்க இருப்பாங்க, சங்கரன்?"

"வீட்ல மேடம்."

"வீட்ல எங்க?"

"அடுப்படியில."

"டிவி எங்க இருக்கு?"

"ஹால்ல."

"அப்ப அவங்க உங்க சீரியலைப் பாக்கறாங்களா?"

நான் வாயெடுப்பதற்குள், "கேக்கறாங்க" என்றார் மேடம். "வெங்காயம் நறுக்கிக்கிட்டே கேக்கறாங்க. உங்க ஆளு பேசாம மூஞ்சியச் சுளிக்கறார். அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

உண்மையைச் சொன்னால் அவர் கேட்டது நியாயம்தான். அதனால்தான் இவ்வளவு ஆத்திரமாக வருகிறது. என்னுடைய மௌனமெல்லாம் அன்றைக்கே செத்தது. எல்லாவற்றையும் வாயால் சொல்லவேண்டும், முக்கியமான இடத்தில் இடி இடிக்கவேண்டும். "மாமனாரை யாருங்க உக்காந்து திட்டுவாங்க? மாமியாராக்குங்க. சும்மா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா பத்தாது, ஏதாவது செய்யணும். சொதின்னா திருச்சியில யாருக்கும் தெரியாது, பாயசம்னு வச்சிருங்க."

"அப்ப சிரிப்பு மேடம்?"

"அதான் காமெடின்னு சொல்லித்தானே போடறோம்."

மானம் உள்ளவனாக இருந்தால் அந்த நிமிஷமே எழுந்து வந்திருக்கவேண்டும். எழுந்தால் பத்திரிகையில் அடைப்புக்குள் இருக்கிற எழுத்தாளர் அம்போ. உட்கார்ந்தே இருந்தேன். கல்யாண வேலைக்காக நான் ஊருக்கு வந்ததும் வசனத்தைச் செங்கல்பட்டைத் தாண்டாத ஒரு தம்பியிடம் கொடுத்துவிட்டார்கள். அவன் போன் செய்து, "அண்ணா, திருநெல்வேலி பாஷையில பின்னியிருக்கேன், பாருங்க" என்றான். எடுத்து முடித்ததை எனக்கு யாரும் காட்டவில்லை. நானும் பெரிதாகக் கேட்கவில்லை. சின்னச் சின்ன மாற்றம்தானே என்று நினைத்துக்கொண்டேன். (மடையன்.)

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, ஒன்றைத் தவிர. பந்தியில் கோமதி அத்தை அவியலை ருசி பார்த்துவிட்டு, "தேங்கா கொஞ்சம் கம்மியோ?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உலகத்தில் எந்த மாப்பிள்ளை அம்மாதான் அந்த அளவுகூடச் சொல்லாமல் இருந்திருக்கிறாள்? ஆனால் என் அம்மாவுக்கு அன்று தூக்கம் போச்சு. சமைக்க வந்த தவசுப்பிள்ளை மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டார். மறுநாள் சொதி விருந்தில் அத்தை மனம் கோணாமல் சாப்பிட்டு எழுந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஏரலில் உமா காலத்துக்கும் அதைக் கேட்டுக்கொண்டே அடுப்பு ஊதவேண்டியதுதான். அம்மா அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே எல்லாரையும் கெஞ்சினாள், "யாரும் ஒரு சொல் அவகளை மனசு நோகச் சொல்லிராதிய."

அந்தத் திங்கட்கிழமை பகல் பன்னிரண்டுக்குத்தான் என் தொடரின் முதல் எபிசோடு. மண்டபத்தில் மேடைப் பக்கம் பெரிய திரை இருந்தது. நான் வீடியோக்காரரைப் பிடித்து அதில் சேனலை வரவழைத்தேன். சிவசைலம் பெரியப்பா மைக்கை வாங்கி, "பொண்ணோட அண்ணன் எழுதின சிரிப்பு நாடகம். நல்லாச் சிரிச்சிட்டு நல்ல பசியோட இலைக்கு வாங்க" என்று அறிவித்தார். கோமதி அத்தையை முன்வரிசையில், நட்டநடுவில், நானே கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

எடுத்த எடுப்பில் இடி. அப்புறம் ஒரு அம்மாள் முகம். நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம், மூக்கில் ரெண்டு பக்கமும் வைரம். அந்த முகத்தை மேலிருந்து ஒருதரம், பக்கவாட்டில் ஒருதரம், கிட்டத்தில் ஒருதரம் காட்டினார்கள். கல்யாண வீட்டு அடுப்படிக்குள் அவள் நுழைகிறாள். ஆளில்லாத இடத்தில் சத்தமாகப் பேசுகிறாள்: "நான் இப்ப இந்தப் பாயாசத்துல ரெண்டு கை உப்பள்ளிக் கொட்டப்போறேம்லே! என்னைய யாரும் பாக்கல லே! நான் மாப்ளையோட அம்மாலே!"

வெங்காயம் நறுக்குகிறவர்களுக்குப் புரியவேண்டுமே.

மண்டபத்தில் கசமுசாவென்று ஒரு சத்தம் எழுந்து சட்டென்று அடங்கியது. எல்லார் கண்ணும் முன்வரிசைக்குப் போயிற்று. திரையில் அந்த மாமியார் இலையை மடித்துத் தூக்கி எறிந்தாள். புதுப்பெண் அவள் காலில் விழுந்து, "ஏலே அத்த, என்னைய மன்னிச்சிருலே" என்று கதறினாள். (எந்த ஊரில்டா மருமகள் மாமியாரை ஏலே போட்டுக் கூப்பிடுகிறாள்? அன்றைக்குச் சிரித்த ஒரே ஜீவன் பெரியப்பா. அவரும் இந்த இடத்தில்தான் சிரித்தார்.) கடைசியில் இன்னொரு இடியோடு, மண்டபத்தின் சுவர் அகலத்துக்கு என் பெயர் வந்தது.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். அதன் தழும்பை இப்போதும் காட்டமுடியும். அப்பா மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாலையோடு நின்ற உமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. நேற்று அவியலைக் குறை சொன்ன பொம்பளையை இன்று ஊர்கூட்டி உப்பள்ளிக் கொட்டுகிறவளாக்கிவிட்டான் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? போன மாதமே எடுத்தது என்று சொன்னால் எவன் நம்புவான்?

கோமதி அத்தை கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எழுந்து நேராக என்னை நோக்கி வந்தார்.

"அத்தை," நான் கையெடுத்துக் கும்பிட்டேன், "அது நீங்க இல்ல. சத்தியமா அது மாமனாரு. அவருக்குப் பல்வலி..."

"தம்பி, அவ விளங்குவாளா?"

"யாரு அத்தை?"

"அந்த உப்பக் கொட்டினவதான். நாலு பேரு திங்கிற சாப்பாட்டுல கை வைக்காளே, அவளும் ஒரு பொம்பளையா?" குரல் தழுதழுத்தது. "அந்தப் புள்ளைக்கு நாளைக்கு என்ன ஆவுது? வீட்டுக்குள்ள சேப்பாளா மாட்டாளா?"

அவருக்குப் பின்னால் ஏரல் பெண்டுகள் அத்தனை பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்கள். சரி, அவர்களை விடுங்கள். என்னைப் பெற்றவள், தொடையைக் கிள்ளிய கையை இன்னும் எடுக்காதவள், "ஆமால, அந்தப் புள்ளைக்குக் கேக்க நாதியில்லையா?" என்று கண்ணைக் கசக்கினாள்.

எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். தங்கச்சி வாழ்க்கை தப்பித்தது. ஆனால் வந்தது கோபம்தான். ராப்பகலாக உட்கார்ந்து சிரிக்க எழுதியவன் நான். சம்பந்தி வீடு மொத்தமும் எழவு வீடு மாதிரி அழுகிறது, அதற்கு எனக்குப் பாராட்டு வேறே. அந்த மேடம் இவர்களை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. ஏரல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. அங்கே குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு என் அம்மாவை என்னைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார். அதை என்னால் இன்றும் ஜீரணிக்கமுடியவில்லை.

பிறகு இலை போட்டார்கள். அத்தைக்குப் பயந்தோ என்னவோ, தவசுப்பிள்ளை சொதியில் எலுமிச்சம்பழத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிழிந்திருந்தார். பச்சைப் புளிப்பு. கோமதி அத்தை முதல் வாய் வைத்தார். ஒரு கண் தானாக மூடியது. வாய் எதையோ சொல்லத் திறந்தது. நிமிர்ந்து பார்த்தார். மொத்தப் பந்தியும் சாப்பிடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவருக்கும் உறைத்திருக்கவேண்டும். இந்த மண்டபத்தில், இந்த நேரத்தில், மாப்பிள்ளை அம்மா சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் அவள் யாராவாள் என்று. திறந்த வாயை மூடி விழுங்கினார்.

"அருமையா இருக்கு" என்றார். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

என் அம்மா நின்ற இடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்த அழுகையை மட்டும் நான் என் தொடரின் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்தத் தொடர் வருஷக்கணக்காக ஓடியது. ரெண்டாம் மாதமே என் பெயரை எடுத்துவிட்டார்கள், ஆனால் எங்கள் சாதிசனத்தில் யாருக்கும் அது தெரியாது. இன்றைக்கும் துஷ்டி கேட்க எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் பெரியப்பா ஆரம்பித்துவிடுவார்: "வந்துட்டாம்வே, சிரிப்பு எழுத்தாளன். இனி அழுகைக்குப் பஞ்சமில்ல."

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். உமா விஷயம்தான் தாங்கமுடியவில்லை. கோமதி அத்தை அன்றிலிருந்து மருமகள் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரே பேசாதபோது மற்றவர்கள் எப்படிப் பேசுவார்கள்? குறை சொல்ல ஆளில்லாமல் உமாவின் சமையல் வருஷத்துக்கு வருஷம் மோசமாகிக்கொண்டே போகிறது. போன பொங்கலுக்கு ஏரலுக்குப் போயிருந்தேன். சொதி வைத்திருந்தாள். தேங்காய்ப்பால் திரிந்து, காய் வேகாமல், அதற்குள் கரண்டியும் கிடந்தது. மாப்பிள்ளை என் காதருகே வந்து, "அத்தான், மாமியா நல்லவளா இருந்து, ஆனா சமையலையும் திருத்துத மாதிரி ஒரே ஒரு கதை எழுதுங்களேன்" என்று கெஞ்சினார்.

நான் அவள் அண்ணன். எனக்கென்ன பயம்? "என்ன உமா, இந்தச் சொதியில..." என்று ஆரம்பித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த கோமதி அத்தை மேசைக்கடியில் என் காலை நறுக்கென்று மிதித்தார்.

"பேசாம சாப்பிடுங்க தம்பி," என்றார், வேகாத முருங்கைக்காயை மென்றுகொண்டே. "எழுதினது நீங்க. தின்னுக்கிட்டு இருக்கது நானு."