விதை நெல்லுக்குத் தண்ணீர் அடித்த சேஃப்டி

பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி அறுப்பதற்கு முன்னால் தலையில் ஹெல்மெட் மாட்டிவிடக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் நெய்வேலியில் இருக்கிறார். ரேஷன் கார்டில் ஏதோ பெயர் போட்டிருக்கும். எங்களுக்கு அவர் ‘சேஃப்டி’.

சுரங்கத்தில் பாதுகாப்புப் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்து டவுன்ஷிப் ஓரமாக வீடு கட்டிக்கொண்டார். மனைவி தோசை வார்க்கும்போது பக்கத்தில் மணல் வாளியோடு நிற்பார். மூன்றாவது மாதம் அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“தம்பி, உங்க சங்கத்துல இவருக்கு ஏதாவது வேலை இருந்தா குடுங்க. சம்பளம் வேணாம். காலையில கூட்டிட்டுப் போய் சாயங்காலம் கொண்டாந்து விட்டா போதும்.”

எங்கள் விவசாயிகள் சங்கம் குறிஞ்சிப்பாடி போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. நான் அதற்குச் செயலாளர். கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னதற்குக் கிடைத்த தண்டனை. பழைய கிடங்கில் நெல்லைவிட எலி நன்றாக விளைந்தது. அதை இடித்துவிட்டுப் புதிதாக இரும்புக் குதிர் ஒன்றை நிறுத்தியிருந்தோம். அடியில் காற்று ஊதும் ஃபேன், உள்ளே சூடு ஏறினால் செல்போனுக்குச் சேதி அனுப்பும் கருவி என்று எல்லாம் புதுசு. தலைவி அஞ்சலைக்கா வீடு வீடாக ஏறி இறங்கி, எல்லோருடைய விதை நெல்லையும் அதில் ஒன்றாகக் கொட்டச் சம்மதிக்க வைத்திருந்தார். ஒரே ரகம், கலந்தாலும் பாதகமில்லை. ஆனால் அது கெட்டால் அந்தச் சம்பாவுக்கு ஊரே விதைக்க முடியாது. அஞ்சலைக்கா தெருவில் தலைகாட்டவும் முடியாது.

அந்தக் குதிருக்குத்தான் சேஃப்டியைப் பொறுப்பாகப் போட்டோம். மறுநாளே ஏ ஷிப்ட், பி ஷிப்ட் என்று போர்டு எழுதிவிட்டார். இரண்டிலும் அவரேதான். ஏ ஷிப்ட் முடிந்ததும் எழுந்து நின்று, பி ஷிப்டுக்கு வந்திருக்கும் தன்னிடம் சாவியை ஒப்படைத்து, இரண்டு கையெழுத்தும் போடுவார். போனால் போகிறதென்று சி ஷிப்டைப் பூட்டுக்கு விட்டுக்கொடுத்தார். ஷிப்ட் ரிப்போர்ட்டில், ‘எலி நடமாட்டம்: ஒன்று. எச்சரித்து அனுப்பப்பட்டது’ என்று எழுதியிருப்பார்.

நெல் கொண்டுவருகிறவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம்.

“ஏன் சார், நெல்லு வுழுந்து மண்ட ஒடைஞ்சிடுமா?” என்று கேட்டார் அஞ்சலைக்கா.

“ஒரு நெல்லு விழுந்தா ஒண்ணும் ஆகாதும்மா. எல்லா நெல்லும் விழுந்தா?”

அக்கா ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டார்.

யாராவது தார்ரோட்டில் நெல் காயப்போட்டால் போச்சு. “ரோடு வண்டிக்கு, களம் நெல்லுக்கு!” என்று அரைமணி நேரம் வகுப்பெடுப்பார். இதற்குப் பயந்துகொண்டு ஒரு புண்ணியவான் அரைகுறை ஈரத்தோடு நெல்லைக் குதிரில் கொட்டிவிட்டு நழுவிவிட்டார்.

நாலாம் நாள் முற்பகலில் என் செல்போன் அலறியது. குதிரின் மேல்பகுதியில் சூடு ஏறுகிறது. செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான், ஃபேன் பட்டனைத் தட்ட வேண்டும். அதைச் சொல்ல சேஃப்டிக்கு போன் போட்டேன். “சேதி எனக்கும் வந்தது. என்ன செய்யணும்னு தெரியும், வெச்சிடுங்க!” என்று துண்டித்துவிட்டார். அவருக்குத் தெரிந்தது சுரங்கம். அங்கே நிலக்கரிக் குவியல் சூடானால் தானாகவே தீப்பிடிக்கும். உடனே தண்ணீர் அடிக்க வேண்டும்.

நானும் அஞ்சலைக்காவும் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவர் குதிரின் உச்சியில் மூடியைத் திறந்துவைத்து ஹோஸ் பைப்பால் அடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஊரைக் காப்பாற்றிய களை.

“யோவ் சார்! நிறுத்துய்யா! நெல்லுக்குப் போயி தண்ணி அடிச்சிகினு இருக்கிறியே, மொளச்சிடும்யா!” என்று அக்கா அலறினார்.

“முளைக்கிறது நல்லதுதானம்மா?” என்றது மேலேயிருந்து குரல்.

“வயல்ல மொளச்சா நல்லது! குதிருக்குள்ள மொளச்சா எவன்யா உள்ள எறங்கி அறுக்கிறது?”

பைப் கீழே விழுந்தது. ஏணியில் இறங்கி வந்தவருக்கு முகம் வெளுத்துப்போயிருந்தது.

ஊரே திரண்டு நெல்லை வெளியே வாரியது. களம் போதவில்லை. சேஃப்டி ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றார். பிறகு சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு தார்ரோட்டின் நடுவில் போய் நின்று, “கொட்டுங்க” என்றார்.

நாலு நாள் வெயிலில் நின்று, வந்த பஸ்ஸையெல்லாம் மறித்து ஓரங்கட்டி அனுப்பினார்.

“இன்னாங்க இது, ரயில்வே கேட்டா?” என்று ஒரு கண்டக்டர் எகிறினார்.

“விதை நெல்லுப்பா. என் தப்பு. கொஞ்சம் ஒதுங்கிப் போங்க.”

தன் தப்பு என்று அந்த மனிதர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது.

காய்ந்த நெல்லில் ஒரு பிடி எடுத்து ஈரச்சாக்கில் கட்டி வைத்தோம். முளைத்தால் பிழைத்தோம். மூன்றாம் நாள் அக்கா சாக்கைப் பிரித்தார். சேஃப்டி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“எதும்மா முளைச்சிருக்கு?”

“எல்லாந்தான் சார். ஒண்ணு ரெண்டு போனா போவுது.”

அப்படியே தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

நான் அக்காவைத் தள்ளிக் கூட்டிப்போய், “இவர என்னக்கா பண்றது? வீட்டுக்கு அனுப்பிடலாம்னு ஊர்ல சொல்றாங்க” என்றேன்.

“தப்பு பண்ண ஆளு நாலு நாளு வெயில்ல நின்னாரு. தப்பே பண்ணாத நீங்கல்லாம் நெழல்ல நின்னு பேசிகினு இருந்தீங்க. யார அனுப்பறது, நீயே சொல்லு.”

இன்றைக்கும் குதிர் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. என் வீட்டு விதை நெல்லும் அங்கேதான் கிடக்கிறது. அவர் கண்பார்வை படாத இடத்தில் அதை வைக்க எனக்கு மனசு வராது.