பதிலுக்கு நின்ற ஓவர் அண்ணாச்சி

எதிராளி பதில் சொல்லும்வரை தன் வாக்கியம் முடிந்ததாகவே நினைக்காத மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் தென்காசியில் இருந்தார். ஊரே அவரை ஓவர் அண்ணாச்சி என்றது. ரேஷன் கார்டில் வேறு ஏதாவது பெயர் இருந்திருக்கும். நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

போலீஸ் வயர்லெஸ்ஸில் பாதி ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒருவர் பேசி முடித்து ‘ஓவர்’ என்றால்தான் மறுமுனையில் இருப்பவர் வாயைத் திறக்கலாம். உத்தியோகம் முடிந்து யூனிஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தவர், அந்த வார்த்தையை மட்டும் கொடுக்க மறந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நின்று, “ஒரு டீ, சீனி கம்மி, ஓவர்” என்பார்.

“கம்மியா, ஓவரா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி” என்பார் டீ மாஸ்டர்.

கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் சொல்லி ‘ஓவர்’ என்று முடித்திருக்கிறார். புதிதாக வந்திருந்த அர்ச்சகர் அதையும் குடும்பத்தில் ஒருவர் என்று எண்ணி மந்திரத்தில் சேர்த்துவிட்டார். அண்ணாச்சிக்கு அதில் பரம திருப்தி. “ஒரு வார்த்தை விடாம வாங்கியிருக்காரு பாத்தியா?” என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

நான் அப்போது தென்காசியில் ஒரு சமுதாய வானொலியில் வேலை பார்த்தேன். ஒரு அறை, ஒரு மைக், மொட்டை மாடியில் ஒரு கம்பம். வானம் நல்ல மனநிலையில் இருந்தால் மேற்கே குற்றாலம், கிழக்கே கீழப்பாவூர்வரை கேட்கும். மாட்டுக்குக் கோமாரி வந்தால் என்ன செய்வது, கத்தரிக்காய் இன்று என்ன விலை, எந்த பஸ் எந்த வழியாகத் திருப்பி விடப்பட்டிருக்கிறது என்பதுதான் எங்கள் சரக்கு. எங்களை விசுவாசமாகக் கேட்டவர்கள் பீடி சுற்றும் பெண்கள். கைகள் இலையில் இருக்கும், காது எங்களிடம் இருக்கும்.

ஒரு நாள் ஓவர் அண்ணாச்சி புகார் சொல்ல வந்தார். “எல்லாரும் படபடன்னு பேசிட்டுப் போயிருதிய. கேக்குறவன் பதில் சொல்லுததுக்கு ஒருத்தராவது நிக்கியளா, ஓவர்?”

நிலையத்தை நடத்திய மேடம் ஒரு கல்லூரிப் பேராசிரியை. அவருக்கு அண்ணாச்சியின் குரல் பிடித்துவிட்டது. ஆள் குள்ளம், ஒடிசல். குரலோ ஐந்தருவியின் ஐந்து பிரிவும் ஒன்றாக விழுவது மாதிரி இருக்கும். காலைத் தகவல் நேரத்தை அவரிடம் கொடுத்தார். அந்த வாரமே ஏன் கொடுத்தோம் என்று தலையில் கை வைத்தார்.

காணாமல் போன ஆட்டைப் பற்றி அண்ணாச்சி அறிவித்தது இப்படி: “நிறம் கருப்பு. நெற்றியில் வெள்ளைத் தழும்பு. கடைசியாகப் பார்த்தபோது அடுத்த வீட்டுக் கனகாம்பரத்தைத் தின்றுகொண்டிருந்தது. பார்த்தவர்கள் தெரிவிக்கவும். ஓவர்.”

பிறகு மௌனம். நிஜமாகவே பதிலுக்குக் காத்திருப்பார். கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஆடு எங்கிருந்தாவது ‘மே’ என்று சொல்லும் என்பதுபோல.

“அண்ணாச்சி, ரேடியோவுல சத்தம் நின்னா ஜனங்க வேற ஸ்டேஷனுக்குப் போயிருவாங்க. யாருக்காக இப்படி நிக்கிறீங்க?” என்று மேடம் கெஞ்சினார்.

“கேக்குறவங்களுக்குத்தான் மேடம்.”

“அவங்களால பேச முடியாதே!”

“முடியாதுன்னு நாம முடிவு பண்ணலாமா, ஓவர்?”

மேடம் சொல்லி அலுத்து, அவர் பேச்சை முன்கூட்டியே பதிவு செய்து, கம்ப்யூட்டர் முன்னால் தானே உட்கார்ந்து அந்த மௌனங்களை வெட்டி எறிந்தார். காலைத் தகவல் பாதியாகச் சுருங்கி, விறுவிறுவென்று ஓடியது. அதை டீக்கடை ரேடியோவில் கேட்ட அண்ணாச்சி நேராக நிலையத்துக்கு வந்தார். “நான் மூச்சு விட்ட எடத்தையெல்லாம் வெட்டிட்டியளே” என்றார். அன்று ஓவர் சொல்லவில்லை. அவர் மனசு நொந்தால் அந்த வார்த்தை வராது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் அந்த மார்கழி வெள்ளம் வந்தது.

குற்றாலத்தில் மெயின் அருவியின் முன்னால் நிற்கும் ஆர்ச்சே தண்ணீருக்குள் போய்விட்டது. சிற்றாறு கரையைத் தாண்டி, தெருவில் புகுந்து, எங்கள் நிலையத்துக்குள்ளும் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கம்ப்யூட்டரின் அடிப்பாகம் மூழ்கியிருந்தது. கரண்ட் இல்லை. மேடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். பழைய போலீஸ் மழைக்கோட்டுக்குள் முழுசாகக் காணாமல் போயிருந்த ஓவர் அண்ணாச்சி மட்டும், பேச்சைக் காற்றில் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் பெட்டியை அலமாரி உச்சியில் ஏற்றிவைத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு நின்றுகொண்டிருந்தார்.

“பெட்டி நனையல பிள்ள. புடி, மாடிக்குக் கொண்டு போவோம். ஓவர்.”

மாடிப்படி முடியும் இடத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருந்த சின்ன இடுக்குதான் அன்றைக்கு எங்கள் வானொலி நிலையம். ஐந்தருவியில் பழச்சாறுக் கடை போட்டிருந்தவர், கடை விளக்குக்கு வைத்திருந்த ஜெனரேட்டரைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து தந்தார். பாட்டெல்லாம் கம்ப்யூட்டரோடு போயிற்று. நிகழ்ச்சியும் இல்லை. ஒரு மைக்கும் அண்ணாச்சியும்தான் மிச்சம்.

அவர் மைக்கைப் பிடித்து உண்மையைச் சொன்னார். “வெளிய என்ன நடக்குன்னு எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்க. வர முடியாதவங்க இந்த நம்பருக்கு அடிங்க. ஓவர்.” என் செல்போன் எண்ணை நிதானமாக, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். பிறகு வழக்கம்போல் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். வெட்டுவதற்கு மேடம் பக்கத்தில் இல்லை.

ஜனங்கள் வந்தார்கள். பால்காரர் வந்தார், லைன்மேன் வந்தார், அச்சன்புதூரிலிருந்து டிராக்டர் ஓட்டி வந்தவர் வந்தார். ஒவ்வொருவரையும் அண்ணாச்சி படியிலேயே நிறுத்தி ஒரே கேள்விதான் கேட்டார். “நீ பாத்தியா, கேள்விப்பட்டியா?” பார்த்தவனுக்கு மைக், கேள்விப்பட்டவனுக்குப் பாலில்லாத கட்டஞ்சாயா. எந்தப் பாலத்தில் போகலாம், எந்தப் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு இருக்கிறது, யார் வீட்டுப் பெரியவருக்கு மாத்திரை வேண்டும் என்பதெல்லாம் அவரவர் வாயாலேயே காற்றில் போனது. பேட்டரி ரேடியோவிலும் பட்டன் போனிலும் ஊர் கேட்டுக்கொண்டிருந்தது.

மத்தியானம் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். “அண்ணாச்சி, மேல அணை உடைஞ்சிட்டாம்! சீக்கிரம் ரேடியோல சொல்லுங்க!”

“யாருவே பாத்தா?”

“எல்லாரும் சொல்லுதாவ!”

“அந்த எல்லாரையும் கூட்டிட்டு வாரும். ஒவ்வொருத்தரா விசாரிக்கேன்.”

மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். தெருவில் இடுப்பில் பிள்ளையும் கையில் குடமுமாக ஜனங்கள் ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் சிலர் ஆற்றை நோக்கியே ஓடினார்கள். “அண்ணாச்சி, ஒருவேளை நெசமா இருந்தா? சொல்லிருவோமே” என்றேன்.

“இல்லாம இருந்தா, இந்தக் கூட்டத்துல மிதிபட்டுச் சாவுறவனுக்கு யாரு பதில் சொல்லுதது?” என்றவர் மைக்கைத் திறந்தார். “அணை உடைந்ததாக ஒரு பேச்சு வருகிறது. பார்த்தவர் ஒருவரும் இதுவரை இல்லை. எல்லாரும் ஆற்றை விட்டு மேட்டுக்கு நடங்கள், ஓடாதீர்கள். அணைப் பக்கத்தில் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உடனே எங்களைக் கூப்பிடவும். ஓவர்.”

மௌனம். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான மௌனத்தை நான் கேட்டதில்லை. ஜெனரேட்டர் மட்டும் இருமிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது.

“ரேடியோவா? நான் அணைக்குப் பக்கத்துல இருந்து பேசுதேன். பீடி சுத்துதவ. அணை நல்லாத்தான் நிக்கு. மதகைத் தொறந்து விட்டிருக்காவ, அந்தச் சத்தந்தான்.”

அண்ணாச்சி போனை மைக்கோடு ஒட்டிப் பிடித்தார். “நீங்க பாத்தியளா, கேள்விப்பட்டியளா, ஓவர்?”

“வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே பேசுதேன். எங்க வீட்டுக் கோழி கரை மேலதான் நிக்கு.”

“கோழி என்ன செய்யுது, ஓவர்?”

“மேயுது. ஓடல, பறக்கல. நிம்மதியா மேயுது.” கொஞ்சம் நிறுத்தி, கூச்சத்தோடு அந்த அம்மாள் சொன்னாள்: “ஓவர்.”

தெருவில் ஓட்டம் மெல்ல நடையானது. யாரோ சிரித்தார்கள். மதகு திறந்திருப்பதால் ஆற்றோரத்தில் இருப்பவர்கள் கட்டாயம் கிளம்ப வேண்டும் என்பதை நான்தான் மைக்கில் சொன்னேன். அண்ணாச்சி மழைக்கோட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரேடியோவில் அவருக்குக் கிடைத்த முதல் ஓவர் அது.

வெள்ளம் வடிந்ததும் பாராட்டுக் கூட்டம் ஒன்று நடந்தது. அண்ணாச்சியையும் பேச அழைத்தார்கள். “அடுத்த தடவைக்கு ஒரு ஜெனரேட்டரும் நல்ல பேட்டரியும் வேணும், ஓவர்” என்று சொல்லிவிட்டு, மேடையைப் பார்த்துத் தலையைச் சாய்த்து நின்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். கடைசியில் யாரோ தோளைத் தொட்டு உட்காரவைத்தார்கள்.

ஜெனரேட்டர் வரவில்லை. நனைந்த சாமான்களைச் சரிசெய்ய வழி இல்லாமல், நிலையம் செல்போன் ஆப்பாக மாறியது. கம்பத்தைக் கழற்றினோம். பேட்டரி ரேடியோ வைத்திருந்த பீடிக்காரப் பெண்களோடு எங்கள் தொடர்பு அன்றோடு போயிற்று.

“இதுல யாரு கேக்கான்னு எப்படித் தெரியும், ஓவர்?” என்று அண்ணாச்சி கேட்டார்.

“எத்தனை பேர்னு இங்க நம்பர் காட்டும், அண்ணாச்சி.”

“நம்பர் பேசுமா?”

ஓவர் வரவில்லை. அதற்குப் பிறகு அவரும் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

போன வருஷம் அவர் இறந்துபோனார். நிலைய ஆப்பில் போடுவதற்கு மேடம் அவர் குரலைத் தேடினார். வெள்ள நாளில் கம்ப்யூட்டரே இல்லாததால் எதுவும் பதிவாகவில்லை. கிடைத்ததெல்லாம் மேடம் தன் பென் டிரைவில் வைத்திருந்த பழைய காலைத் தகவல்கள்தான். படபடவென்று, மூச்சுவிடாமல் ஓடும் ஒரு குரல். இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு மேடம் நிறுத்திவிட்டார். “இது அவர் இல்லை” என்றார். அந்த மௌனங்களை எங்கே போய்த் தேடுவது?

துக்கம் விசாரிக்கத் துஷ்டி வீட்டுக்கு அணைப் பக்கத்திலிருந்து அந்த பீடிக்கார அம்மாள், இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அவரை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. “இவ்வளவு சின்ன உருவமா?” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “இனி ஒண்ணுன்னா நாங்க யாருக்குச் சொல்ல?”

இப்போதும் மேற்கே மலையில் கறுத்துக்கொண்டு வந்தால் செல்போனில் செய்தி மேல் செய்தியாக விழுகிறது. யார் பார்த்தது, யார் கேள்விப்பட்டது என்று ஒன்றும் புரிவதில்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நிற்கிறேன். மழை விழ விழ என் மனசு அவரைத் தேடுகிறது.